ஓடும் அமைப்பை நிறுத்தாமல் பிரைமரி கீயை அகலப்படுத்துவது: பேக்எண்ட் குழுத் தலைவருக்கான முழுமையான வழிகாட்டி

பெரிய நிறுவன மென்பொருளில் ஒரு நாள் விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) அட்டவணையில் புதிய பதிவு எதுவும் சேராமல் நின்றுபோகும். வட்டில் இடம் இருக்கும், சர்வர் நலமாக இருக்கும், முந்தைய இரவு யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். பிழைப் பதிவேட்டில் மட்டும், எண் எல்லையைத் தாண்டிவிட்டது என்ற ஒரே செய்தி ஆயிரக்கணக்கில் குவிந்துகொண்டிருக்கும். காரணம் எளிது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் இன்டீஜர் எனும் 32 பிட் முழு எண் வகைப் புலம் 2,14,74,83,647 வரைதான் எண்ணும். ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் ஐடி, அதாவது அட்டவணையின் பிரைமரி கீ, அந்த இடத்துக்கு வந்துவிட்டது.

அதை 64 பிட் எண்ணான பிக்இன்ட் வகைக்கு மாற்ற ஒரே வரி ஆணை போதும். ஆனால் அந்த ஒரு வரி அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதும். எழுதி முடியும் வரை யாரும் அதைப் படிக்கக்கூட முடியாதபடி பூட்டிவைக்கும். நூறு கோடிப் பதிவுகளுக்கு மேல் உள்ள அட்டவணையில் அது மணிக்கணக்கில் நீளும். ஆகவே வேலையைப் பல சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியிலிருந்தும் திரும்பி வர வழி வைத்துக்கொண்டு செய்கிறோம்.

கீழே இருப்பது போஸ்ட்கிரெஸ் 12 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு ஓடும் இடத்துக்கானது. ஆணைகளின் இலக்கணத்தை ஆவணத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம். குழுவை வழிநடத்துபவர் கையில் இருக்க வேண்டியது படிகளின் வரிசையும் அந்த வரிசைக்கான காரணமும்தான். புதியவர்கள் தடுமாறியதை நான் பார்த்த இடங்களெல்லாம், தெரிந்த ஆணையைத் தவறான நேரத்தில் கொடுத்த இடங்களே.

1. எத்தனை நாள் மீதமிருக்கிறது என்று முதலில் கணக்கிடுங்கள்

அட்டவணையில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அடுத்த ஐடியை எண்ணித் தரும் சீக்குவென்ஸ் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். பாதியில் கைவிடப்பட்ட டிரான்சாக்ஷன்கள் (முழுதாக நடக்கும் அல்லது எதுவுமே நடக்காத ஆணைத் தொகுதிகள்) எடுத்த எண்கள் திரும்பி வருவதில்லை. இருந்தால் விட்டுவிடு, இல்லையென்றால் சேர் என்ற பாணியில் எழுதும் நிரல், பதிவு சேராதபோதும் ஓர் எண்ணைத் தின்றுவிடுகிறது. 150 கோடிப் பதிவுகள் உள்ள அட்டவணையின் சீக்குவென்ஸ் 180 கோடியில் நிற்பது அரிதல்ல.

180 கோடியில் நிற்கிறது, நாளுக்கு 40 லட்சம் எண்கள் செலவாகின்றன என்று வையுங்கள். மீதி ஏறக்குறைய 34.7 கோடி. அதாவது 87 நாட்கள். மாதக் கடைசியில் வேகம் கூடுமானால் இன்னும் குறைவு. அன்றாடச் சராசரியைக் கடந்த மூன்று மாதங்களின் மிக அதிகமான வாரத்திலிருந்து எடுங்கள்.

இந்த எண்ணை நிர்வாகத்திடம் நாட்களாகவே சொல்லுங்கள். "இன்டீஜர் நிரம்பப் போகிறது" என்றால் வேறு வேலைகளுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். "87 நாட்களில் விலைப்பட்டியல் போட முடியாது" என்றால் அன்றே ஆட்கள் கிடைப்பார்கள்.

முழு வேலைக்கும் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும் என்பது என் அனுபவம். மீதி நாட்கள் அதைவிடக் குறைவென்றால் பதிமூன்றாம் பகுதியைப் படித்துவிட்டு இங்கே திரும்புங்கள்.

2. அந்த எண்ணைத் தொடும் எல்லோரையும் பட்டியலிடுங்கள்

நிறுவன மென்பொருளில் ஓர் அட்டவணை ஒரு நிரலுக்கு மட்டும் சொந்தமாக இருப்பதில்லை. கணக்குத் துறையின் இரவுநேரப் பணி, சில ஆண்டுகளுக்கு முன்பு யாரோ எழுதிவைத்த இறக்குமதிக் கருவி, அறிக்கைகளுக்கான தரவுக்கிடங்கு, கைப்பேசிச் செயலி, காஃப்கா என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பு வழியாகச் செய்தி பெறும் வேறு குழுக்கள் என்று நீளும். இவற்றில் ஏதேனும் ஒன்று அந்த ஐடியை 32 பிட் எண்ணாக வைத்திருந்தால், தரவுத்தளத்தை எவ்வளவு அழகாக மாற்றினாலும் அது உடையும்.

பட்டியலை நினைவிலிருந்து எழுதச் சொல்லாதீர்கள். தரவுத்தளத்திடமே கேளுங்கள். இரண்டு வாரம், எந்தப் பயனர் பெயரில், எந்த முகவரியிலிருந்து இணைப்புகள் வருகின்றன என்று பதிந்துவையுங்கள். மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் பணிகள் இருப்பதால் மாதக் கடைசி நாளும் அதற்குள் அடங்க வேண்டும்.

பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் பொறுப்பாளர் ஒருவர், அவர் படிக்கிறாரா எழுதுகிறாரா, எந்தத் தேதிக்குள் தயாராவார் ஆகியவை இருக்கட்டும். பொறுப்பாளர் இல்லாத கருவி அகப்பட்டால், அதைக் குழுத் தலைவராகிய நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மாற்றும் இரவில் அதுதான் முதலில் விழும்.

3. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

வட்டில் போதிய காலியிடம். நிரப்பும் காலத்தில் அட்டவணை ஏறக்குறைய இரு மடங்காகப் பெருகக்கூடும், அதற்கு மேல் புதிய இண்டெக்ஸும் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) உண்டு. இடையில் இடம் தீர்ந்தால் நடந்துகொண்டிருக்கும் வணிகமே நின்றுவிடும்.

நேரடிச் சூழலின் முழு நகல் ஒன்று, அதே அளவில். பத்தில் ஒரு பங்கு நகலில் செய்த ஒத்திகை நேரக்கணக்கைப் பற்றி எதுவும் சொல்லாது.

மீட்டெடுத்துப் பார்த்த காப்பு. காப்பு எடுத்திருக்கிறோம் என்பது போதாது. கடந்த மாதத்துக்குள் யாராவது அதை மீட்டெடுத்துத் திறந்து பார்த்திருக்க வேண்டும்.

நாட்காட்டி ஒன்று. அதில் தொடக்கூடாத நாட்களைச் சிவப்பில் குறியுங்கள். இந்திய நிறுவனங்களுக்கு விலைப்பட்டியல் அமைப்பு என்றால் மாதக் கடைசியும், ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யும் 11-ஆம் தேதியும், ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் 20-ஆம் தேதியும், அவற்றுக்கு முந்தைய இரண்டு நாட்களும் கட்டாயம் சிவப்பு.

4. தரவுத்தளத்துக்கு முன் நிரலை அகலப்படுத்துங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தரவுத்தளத்திலிருந்து தொடங்குகிறார்கள். தலைகீழாக வர வேண்டும். படிப்பவர்கள் முதலில், எழுதுபவர்கள் அடுத்து, தரவுத்தளம் கடைசி. 64 பிட் நிரலுக்கு 32 பிட் எண் வந்தால் ஒன்றும் ஆகாது. எதிர்ப்பக்கம்தான் உடையும். எனவே நிரல் மாற்றத்தை வாரக்கணக்கில் முன்பே வெளியிட்டு, அது அமைதியாக ஓடுவதைப் பார்த்துவிடலாம்.

ஜாவாவில் ஓடும் அமைப்பு என்றால் ஒரு பொறியை நிதானமாகப் பாருங்கள். பழைய நிரலில் ஐடி சிறிய எழுத்து இன்ட் வகை. இரண்டு ஐடிகளை ஒப்பிட இரட்டைச் சமக்குறி போட்டிருப்பார்கள். அது சரியாகவே வேலை செய்தது. இப்போது அதை வெற்று மதிப்பையும் (நல்) ஏற்கும் பெரிய எழுத்து லாங் வகைக்கு மாற்றுகிறார்கள். அதே இரட்டைச் சமக்குறி இனி எண்களை ஒப்பிடாது, இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்று பார்க்கும்.

இதில் ஆபத்து என்னவென்றால், -128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா முன்பே செய்துவைத்த ஒரே பொருளைத் திருப்பித் தருகிறது. சோதனைத் தரவில் ஐடிகள் 1, 2, 17 என்றிருக்கும். எல்லாச் சோதனைகளும் பச்சையாகவே வரும். நேரடிச் சூழலில் 180 கோடியைத் தாண்டிய எண்கள் வந்ததும், இரண்டும் ஒன்றாக இருந்தாலும் வேறு என்று நிரல் சொல்லும். ஒரு முறை எங்கள் குழுவில் இது கணக்குப் பொருத்தும் பணியில் நுழைந்து, பொருந்திய விலைப்பட்டியல்கள் அனைத்தையும் பொருந்தாதவை என்று காட்டியது. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு முழுதாக இரண்டு நாள் பிடித்தது. அன்று முதல், இந்த மாற்றம் வரும் ஒவ்வொரு கோப்பிலும் சமக்குறிகளை மட்டுமே பார்க்கத் தனியாக ஒருவரை அமர்த்துகிறேன்.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் 9,007,199,254,740,991 வரை முழு எண் சிதையாது என்பதால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனால் பிட் கணக்குகள் எண்ணை 32 பிட்டாக வெட்டிவிடும். எண்ணை முழு எண்ணாக்க அந்தக் குறுக்குவழியை எங்கேனும் கையாண்டிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.

5. சோதனைச் சூழலின் சீக்குவென்ஸை 300 கோடியில் நிறுத்துங்கள்

இந்தப் படியைச் செய்தவர்கள் மிகக் குறைவு. பயனோ மற்ற எல்லாச் சோதனைகளையும் விட அதிகம். சோதனைச் சூழலின் அட்டவணையை நேரடியாகப் பிக்இன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே பூட்டிக் கிடந்தால் யாருக்கும் நட்டமில்லை. பிறகு சீக்குவென்ஸை 300 கோடியிலிருந்து தொடங்கச் சொல்லி, எல்லாக் குழுக்களையும் இரண்டு வாரம் வழக்கம்போல் அதில் வேலை செய்ய விடுங்கள்.

பட்டியலில் விடுபட்டவர்கள் தாமாகவே வெளியே வருவார்கள். ஐடியை 32 பிட் எண்ணாகவே படிக்கும் பழைய அறிக்கை, 32 பிட் புலமாகவே இருந்துவிட்ட தரவுக்கிடங்கு அட்டவணை, ஐடியை வைத்துக் கோப்புப் பெயர் அமைக்கும் கருவி என்று ஒவ்வொன்றாக அகப்படும். அவற்றை இங்கேயே சரிசெய்து முடித்த பிறகுதான் நேரடிச் சூழலில் முதல் ஆணை.

6. புதிய புலமும் ட்ரிக்கரும்

இனி நேரடிச் சூழல். முதலில் குழந்தை அட்டவணைகள், அதாவது இந்த ஐடியைச் சுட்டும் மற்ற அட்டவணைகள். பெற்றோர் எல்லையைத் தாண்டிய பின் குழந்தை இன்னும் 32 பிட்டாக இருந்தால், விலைப்பட்டியல் சேரும், அதன் பொருள்வாரியான பதிவுகள் சேராது. பிக்இன்ட் குழந்தை, இன்டீஜர் பெற்றோரைச் சுட்டுவதைப் போஸ்ட்கிரெஸ் ஏற்கிறது. ஆகவே குழந்தைகளை முன்பே மாற்றுவதில் தடையில்லை. கீழுள்ள படிகள் இரண்டுக்கும் பொது.

வெற்று மதிப்பை ஏற்கும் புதிய பிக்இன்ட் புலத்தைச் சேருங்கள். இது அட்டவணையைத் திரும்ப எழுதாது, நொடியில் முடியும். ஆனாலும் ஒரு கணம் முழுப் பூட்டு கேட்கும். அந்தக் கணத்தில்தான் பலர் விழுந்திருக்கிறார்கள்.

நடப்பது இதுதான். யாரோ ஒருவர் அந்த அட்டவணையில் இருபது நிமிட அறிக்கை ஓட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆணை முழுப் பூட்டுக்காக அவருக்குப் பின்னால் காத்திருக்கிறது. அதற்குப் பிறகு வரும் சாதாரண வாசிப்புக் கோரிக்கைகள் எல்லாம் உங்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கின்றன. அறிக்கை யாரையும் தடுக்கவில்லை. உங்கள் காத்திருப்புதான் தடுக்கிறது. இரண்டு நிமிடத்தில் இணைப்புகள் அனைத்தும் தீர்ந்து மொத்த அமைப்பும் படுத்துவிடும். நொடியில் முடியும் ஆணைதானே என்று பட்டப்பகலில் அதைக் கொடுத்தவருக்கு என்ன நடந்தது என்றே விளங்காது.

மருந்து சிறியது. அமைப்பு மாற்றும் ஒவ்வோர் ஆணைக்கும் முன்னால் பூட்டுக் காத்திருப்புக்கு இரண்டு நொடி வரம்பு வையுங்கள். கிடைக்கவில்லையென்றால் ஆணை தானே விலகிவிடும். அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள். இந்த வரம்பு இல்லாத எந்த ஆணையையும் மறுபரிசீலனையில் ஏற்காதீர்கள்.

அடுத்தது ட்ரிக்கர், அதாவது பதிவு சேரும்போதோ திருத்தப்படும்போதோ தரவுத்தளத்தில் தானாக ஓடும் சிறு நிரல். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பதிவிலும் பழைய புலத்தின் எண்ணைப் புதியதிலும் எழுதட்டும். குழந்தை அட்டவணையில் சுட்டும் எண் பின்னர் மாறக்கூடும் என்பதால், அங்கே திருத்தத்துக்கும் ட்ரிக்கர் வேண்டும். இதை நிரலிலேயே செய்யலாமே என்ற கேள்வி வரும். இரண்டாம் படியின் பட்டியலைக் காட்டுங்கள். எழுதுபவர்கள் ஐந்து பேர் இருக்கும் இடத்தில், எல்லோருக்கும் பொதுவான ஒரே வாசல் தரவுத்தளம்தான்.

7. பழைய பதிவுகளை நிரப்புவது

அதிக நாள் பிடிக்கும் படி இது. பரபரப்பே இல்லாமல் நடக்க வேண்டியதும் இதுதான்.

ஐடியின் வரம்புகளாகப் பிரித்து நிரப்புங்கள்: 1 முதல் 5,000, பிறகு 5,001 முதல் 10,000 என்று. இத்தனை பதிவுகளைத் தாண்டிப் போ என்ற முறையில் பிரிக்காதீர்கள். அதில் ஒவ்வொரு முறையும் தரவுத்தளம் தொடக்கத்திலிருந்து நடந்து வரும், போகப் போகத் தவழும். ஒவ்வொரு தொகுதியும் தனி டிரான்சாக்ஷன். முடிந்த தொகுதியின் கடைசி எண்ணை ஒரு சிறு அட்டவணையில் குறித்துவையுங்கள். நிரல் நின்றால் அங்கிருந்து தொடரலாம்.

நேரத்தைக் கணக்கிடுவோம். 180 கோடி எண்களை 5,000 வீதம் பிரித்தால் 3,60,000 தொகுதிகள். ஒரு தொகுதிக்கு அரை நொடி, அடுத்ததற்கு முன் அரை நொடி ஓய்வு என்றால் 100 மணி நேரம். நான்கு நாளுக்குச் சற்றே அதிகம். இதைக் கேட்டதும் ஓய்வை எடுத்துவிடலாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். அந்த ஓய்வில்தான், முதன்மைத் தரவுத்தளத்தைப் பின்தொடரும் நகல்களான ரெப்ளிகாக்கள் மூச்சு வாங்குகின்றன. ரெப்ளிகா பத்து நொடிக்கு மேல் பின்தங்கினால் நிரப்புதல் தானாக நிற்கும்படி எழுதிவிடுங்கள்.

போஸ்ட்கிரெஸ் ஒரு பதிவைத் திருத்தும்போது பழையதை அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை எழுதிவிட்டுப் பழையதைச் செத்த பதிவாக விட்டுவைக்கிறது. அதைக் கூட்டிப் பெருக்குவது ஆட்டோவாக்யூமின் வேலை. 17-ஆம் பதிப்பு வரையிலான வழக்கமான அமைப்பில், அட்டவணையின் 20 சதவீதம் செத்த பிறகே அது துடைப்பத்தை எடுக்கிறது. 150 கோடிப் பதிவுகளில் அது 30 கோடி. இந்த அட்டவணைக்கு மட்டும் அதை 1 சதவீதமாகக் குறையுங்கள். அத்துடன், மணிக்கணக்கில் திறந்து கிடக்கும் டிரான்சாக்ஷன்களைத் தேடி மூடச் செய்யுங்கள். ஒரே ஒரு பழைய டிரான்சாக்ஷன் திறந்திருந்தாலும் அதற்குப் பின் செத்தவை எவற்றையும் அகற்ற முடியாது.

இந்தப் படியில் நான் கண்ட மிக மோசமான விபத்து வேறு இடத்திலிருந்து வந்தது. அந்த அட்டவணையில், பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற நேரத்தைத் தானாகப் புதுப்பிக்கும் பழைய ட்ரிக்கர் ஒன்று இருந்தது. நாங்கள் நிரப்பத் தொடங்கியதும், தொட்ட ஒவ்வொரு பதிவும் 'இப்போது திருத்தப்பட்டது' என்று ஆகிவிட்டது. தரவுக்கிடங்கு இரவில் அன்று திருத்தப்பட்டவற்றை மட்டும் இழுத்துக்கொள்ளும் முறையில் இருந்தது. அன்று இரவு அது கோடிக்கணக்கான பழைய விலைப்பட்டியல்களை இழுத்தது. காலையில் அறிக்கை ஒன்றுகூட வரவில்லை. நேரத்தைப் பழையபடி திருத்தவும் எங்களிடம் வழி இல்லை, காப்பிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டியதாயிற்று.

ஆகவே நிரப்பும் முன் அட்டவணையின் மேலுள்ள எல்லா ட்ரிக்கர்களையும் வாசித்துப் பாருங்கள். நேரம் குறிப்பவை, தணிக்கைப் பதிவு எழுதுபவை ஆகியவற்றுக்கு, புதிய புலம் மட்டும் மாறினால் ஓடாதே என்ற நிபந்தனையைச் சேருங்கள். மாற்றங்களை டெபீசியம் போன்ற கருவி வழியாகக் காஃப்காவுக்கு அனுப்புகிறீர்களானால், நிரப்புதல் ஒவ்வொன்றும் ஒரு செய்தியாக அங்கும் போய்ச் சேரும். அந்தப் பக்கத்தினருக்கு ஒரு வாரம் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

8. இண்டெக்ஸும் வெற்று மதிப்புத் தடையும்

நிரப்பி முடித்தபின் புதிய புலத்தில், ஒரே எண் இருமுறை வராமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ், கன்கரன்ட்லி முறையில். இது எழுதுபவர்களைத் தடுக்காது, அதற்கு விலையாக மெதுவாக ஓடும். டிரான்சாக்ஷனுக்குள் வைத்து ஓட்ட முடியாது, எனவே உங்கள் இடம்பெயர்ப்புக் கருவி எல்லாவற்றையும் டிரான்சாக்ஷனில் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் தோற்றால், செல்லாதது என்று குறியிடப்பட்ட அரைகுறை இண்டெக்ஸ் அங்கேயே தங்கி, ஒவ்வொரு முறை எழுதும்போதும் சுமையாகிவிடும். அதை நீக்கிவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்.

குழந்தை அட்டவணையில், சுட்டும் புலத்துக்குப் போஸ்ட்கிரெஸ் தானாக இண்டெக்ஸ் போடுவதில்லை. பழைய புலத்தில் யாரோ கையால் போட்டிருப்பார்கள். புதியதில் மறந்தால், பெற்றோரில் ஒரு பதிவை நீக்கும்போதெல்லாம் குழந்தை அட்டவணை முழுவதும் தேடப்படும்.

பிரைமரி கீ வெற்று மதிப்பை ஏற்காது. அந்தத் தடையை நேரடியாகப் போட்டால், பூட்டிவைத்துக்கொண்டு எல்லாப் பதிவுகளையும் சரிபார்க்கும். இரண்டாகப் பிரியுங்கள். முதலில், இனி வருபவற்றுக்கு மட்டும் என்று சரிபார்க்காத செக் தடை. பிறகு தனியாகச் சரிபார்ப்பு, இது எழுதுபவர்களைத் தடுக்காது. அது முடிந்திருந்தால் 12-ஆம் பதிப்பிலிருந்து போஸ்ட்கிரெஸ் அதையே ஆதாரமாகக் கொண்டு, மறுபடி தேடாமல் தடையைப் போட்டுவிடுகிறது.

9. குழந்தைகளை மாற்றி முடியுங்கள்

ஒவ்வொரு குழந்தைக்கும் மேலுள்ளவை முடிந்ததும், புதிய புலத்திலிருந்து பெற்றோருக்குச் சரிபார்க்காத ஃபாரின் கீ (சுட்டும் எண் பெற்றோரில் இருந்தாக வேண்டும் என்ற தடை), பிறகு சரிபார்ப்பு, பிறகு ஒரே டிரான்சாக்ஷனில் பெயர் மாற்றம். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை போதும். சிறியதிலிருந்து தொடங்குங்கள், குழுவின் கை பழகும்.

10. ஒத்திகை

பெற்றோரை மாற்றும் ஆணைகள் அனைத்தையும் ரன்புக் எனும் செயல்முறைத் தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் மூன்று தகவல்கள்: எதிர்பார்க்கும் நேரம், சரியாக முடிந்ததை எப்படி அறிவது, தவறினால் அடுத்து என்ன. பிறகு முழு நகலில், அதே அளவு போக்குவரத்தை ஓட்டியபடி ஒத்திகை பாருங்கள்.

ஒத்திகையை அந்த ரன்புக்கை எழுதாதவர் செய்யட்டும், முடிந்தால் குழுவில் இளையவர். எழுதியவர் விடுபட்ட படியைத் தன்னையறியாமல் மனதிலிருந்து நிரப்பிவிடுவார். மற்றவருக்கு அந்த இடத்தில் கை நிற்கும். கை நிற்கும் ஒவ்வோர் இடமும் தாளில் ஒரு வரி சேர வேண்டிய இடம். தடுமாறாமல் இரண்டு முறை தொடர்ந்து முடியும் வரை தேதி குறிக்காதீர்கள்.

11. மாற்றும் இரவு

ஆணை கொடுக்க ஒருவர், ரன்புக்கை உரக்க வாசித்துச் சரிபார்க்க ஒருவர், வரைபடங்களைப் பார்க்க ஒருவர். குழுத் தலைவர் விசைப்பலகையைத் தொடக்கூடாது. தொடர்வதா திரும்புவதா என்று முடிவெடுப்பவரின் கண் ஒரு திரையில் சிக்கிவிடக்கூடாது என்பதே காரணம்.

டிரான்சாக்ஷனுக்குள் வரிசை இப்படி: காத்திருப்பு வரம்பு, பெற்றோரையும் குழந்தைகளையும் பூட்டுதல், குழந்தைகளின் ஃபாரின் கீக்களை நீக்குதல், பழைய ட்ரிக்கரையும் பழைய பிரைமரி கீயையும் நீக்குதல், புலங்களின் பெயர்களை மாற்றுதல், முன்பே செய்துவைத்த இண்டெக்ஸைக் கொண்டு புதிய பிரைமரி கீ, சீக்குவென்ஸைப் புதிய புலத்தோடு இணைத்தல், சரிபார்க்காத ஃபாரின் கீக்களை மறுபடி போடுதல். எல்லாமே பெயரளவிலான மாற்றங்கள் என்பதால் ஒரு நொடிக்குள் முடியும்.

இதில் சறுக்கும் இடங்கள் நான்கு.

சீரியல் வகையாக உருவாக்கிய புலத்தின் சீக்குவென்ஸ், 10-ஆம் பதிப்பிலிருந்து, தானும் இன்டீஜராகவே இருக்கிறது. புலத்தை அகலப்படுத்திவிட்டு இதை மறந்தால் அதே எண்ணில், அதே நாளில் அமைப்பு நிற்கும். அதையும் பிக்இன்ட் ஆக்குங்கள்.

பிரைமரி கீயை நீக்கினாலும் பழைய புலத்தின் வெற்று மதிப்புத் தடை தங்கிவிடும். அதைத் தனியாக எடுக்கவில்லையென்றால் அடுத்த பதிவே சேராது.

வியூக்கள் (அட்டவணைபோல் படிக்கும்படி சேமித்துவைத்த வினவல்கள்) புலத்தைப் பெயரால் நினைவில் வைப்பதில்லை, அதன் உள் எண்ணால் வைக்கின்றன. பெயரை மாற்றிய பிறகும் அவை பழைய புலத்தையே படித்துக்கொண்டிருக்கும். பழைய எண்கள் சரியாகத் தெரிவதால் யாரும் கவனிக்க மாட்டார்கள். வியூக்களை அதே டிரான்சாக்ஷனில் திரும்ப உருவாக்குங்கள்.

புதிய புலம் அட்டவணையின் கடைசியில் நிற்கும். புலங்களின் பெயரைச் சொல்லாமல் இடவரிசையை நம்பி எழுதும் பழைய இறக்குமதிக் கருவி இருந்தால் அது தப்பான புலத்தில் எழுதும், அல்லது விழும்.

முடிந்த கையோடு நிரல் சர்வர்களை ஒவ்வொன்றாக மறுதொடக்கம் செய்யுங்கள். முன்பே தயாரித்துவைத்த வினவல்கள் பழைய வகையை நினைவில் வைத்திருப்பதால், இணைப்புகள் புதுப்பிக்கப்படும் வரை பிழை தரும். கடைசியாக ஃபாரின் கீக்களைச் சரிபார்க்கும் பணியை ஓட்டிவிடுங்கள். அது நீளும், ஆனால் யாரையும் தடுக்காது.

பூட்டு ஐந்து முறை கிடைக்காவிட்டால் அன்று வேண்டாம் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள். அதிகாலை இரண்டு மணிக்கு, களைத்த மனிதர்கள் கூடி எடுக்கும் முடிவாக அது இருக்கக்கூடாது.

12. திரும்பிப் போகும் வழியை எப்போது மூடுவது

மாற்றிய இரவே எதிர்த்திசை ட்ரிக்கர் ஒன்றைப் போட்டுவையுங்கள். புதிய எண் 32 பிட்டுக்குள் அடங்கும் வரை அது பழைய புலத்திலும் எழுதட்டும், அடங்காதபோது வெற்றாக விடட்டும். சீக்குவென்ஸ் 2,14,74,83,647-ஐத் தாண்டும் நாள் வரை இந்த வழி திறந்திருக்கும். அந்தத் தேதியைக் குழுவின் நாட்காட்டியில் எழுதி, அன்று எல்லோரும் வேலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த நாள் அமைதியாகக் கடந்து ஒரு மாதாந்திரக் கணக்குமுடிப்பும் நடந்த பிறகு பழைய புலத்தை நீக்குங்கள். நீக்கும்போது, சார்ந்தவை இருக்கின்றன என்று தரவுத்தளம் மறுத்தால் நின்று வாசியுங்கள். சீக்குவென்ஸ் இன்னும் பழைய புலத்துக்குச் சொந்தமாக இருப்பதாலேயே பெரும்பாலும் மறுக்கும். சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கு என்று சொல்லிவிட்டால் சீக்குவென்ஸ் போகும், அதோடு புதிய புலத்துக்குத் தானாக எண் கிடைப்பதும் போகும்.

நீக்கியதும் வட்டில் இடம் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். புலம் மறைக்கப்படுகிறது, அவ்வளவுதான். பதிவுகள் திரும்ப எழுதப்படும்போதுதான் அந்த இடம் விடுபடும்.

13. நாட்கள் போதவில்லையென்றால்

மீதி பத்து நாள்தான் என்று தெரியவந்தால் மேலுள்ள எதையும் அவசரமாகச் செய்ய வேண்டாம். சீக்குவென்ஸின் கீழ் எல்லையை -2,14,74,83,648 ஆக்கி, அங்கிருந்து மேல்நோக்கி எண்ணச் சொல்லுங்கள். இன்டீஜரின் குறைமதிப்புப் பாதி முழுவதும் பயன்படாமல் கிடக்கிறது. நாளுக்கு 40 லட்சம் என்ற கணக்கில் ஒரு வருடத்துக்கு மேல் அது தாங்கும்.

செய்யும் முன் நிரலில் மூன்றைத் தேடுங்கள். ஐடி பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்ற சரிபார்ப்பு, ஐடியை வைத்துப் புதியது பழையது என்று வரிசைப்படுத்தும் இடங்கள், கடைசியாகப் படித்த ஐடிக்கு மேற்பட்டவற்றை மட்டும் இழுக்கும் பணிகள். மூன்றாவது வகை சத்தமில்லாமல் எதையும் இழுக்காமல் இருந்துவிடும், எனவே அதை முதலில் தேடுங்கள். ஐடிகளில் குறைக்குறி வருவதை வாடிக்கையாளர் உதவிக் குழுவுக்கும் சொல்லிவையுங்கள், அவர்களுக்குத்தான் முதல் தொலைபேசி வரும்.

அதே நாளில் முதல் படிக்குத் திரும்பி, புதிய மீதி நாட்களைக் கணக்கிட்டு, மற்ற அட்டவணைகளின் சீக்குவென்ஸ்களையும் ஒருமுறை பாருங்கள். 60 சதவீதத்தைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் எச்சரிக்கை வையுங்கள். விலைப்பட்டியல் அட்டவணை நிரம்புகிற வேகத்தில் அதன் பொருள்வாரியான பதிவுகளும் தணிக்கைப் பதிவும் அதைவிடப் பல மடங்கு வேகமாக நிரம்பிக்கொண்டிருக்கும்.